தரையில் ஓடும் நதிகள்

சென்ற தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளியன்று, சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின், பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு ஷிப்டு முடிந்து மறு ஷிப்டு தொடங்கும் நேரம். மயிலம் சாலையில் வேலையாட்களின் வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. அப்போது என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் எம் பங்கைச் சேர்ந்த இளைஞர். இங்கே பீடச்சிறுவராய் இருந்து, படித்து, கணினிப் பணிக்காக அமெரிக்கா சென்றவர்.

முதற்பார்வையில் ஏதோ பெரிய உணவகத்தின் தரை என்றே எண்ணினேன். நாம் மொசைக் என்று சொல்லுகிறோமே, அந்த வகைத் தளம். நடுவில் பெரியதொரு வட்டம். அதனுள்ளே பித்தளைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடின, இடையிடையே எழுத்துக்கள். ஓரத்தில் யாரோ ஒருவரின் காலணி தெரிந்தது. படத்தின் கீழே அவர் எழுதியிருந்தார்: "சாமி, இந்தத் தரைக்கு அடியில் ஒரு கவிஞருடைய சாம்பல் இருக்கிறது. எல்லாரும் மேலே நடந்து போகிறார்கள். தாத்தாவிடம் காட்டுங்கள். பிறகு நம் கோவில் முகமண்டபத் தரையைப் பற்றிப் பேசுகிறேன்."

முகமண்டபத் தரையைப் பற்றி ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்தது. பழைய சிவப்புச் சிமெண்டுத் தளம் பெயர்ந்து, மழைக்காலத்தில் பாட்டிமார் வழுக்கி விழும் அளவுக்கு ஆகிவிட்டது. கிரானைட் பதிக்கும் செலவைத் தாம் ஏற்பதாக அந்த இளைஞர் சொல்லியிருந்தார். இவ்வாறான நேரங்களில் ஓர் 'உபயம்' கல்லும் கூடவே வரும். நன்கொடையாளர் பெயர், தந்தை பெயர், நாள், மாதம். அப்படியொன்றைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன்.

அந்தத் தரை எது என்று அன்றிரவே தேடிப் படித்தேன். நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், 135-ஆம் தெருவில், ஷோம்பர்க் ஆய்வு மையம் என்னும் நூலகம் இருக்கிறது. அதன் அரங்க முகப்பில் 1991-இல் பதிக்கப்பட்ட கலைப்படைப்பு அது. பெயர் 'நதிகள்'. ஆக்கியோர் மூவர்: சிற்பி ஹூஸ்டன் கான்வில், கவிஞர் எஸ்டெல்லா கான்வில் மஜோஸோ, கட்டடக் கலைஞர் ஜோசப் டிபேஸ். கான்வில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் சில ஆண்டுகள் துறவு மடத்தில் வாழ்ந்தவர் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. வழிபடத் தெரிந்த கைதான் தரையை இவ்வாறு அமைக்கும்.

அடியில் இருப்பது லாங்ஸ்டன் ஹியூஸ் என்னும் கவிஞரின் சாம்பல். 1901-இல் பிறந்தவர், 1967 மே மாதம் 22-ஆம் நாள் மறைந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, மெக்சிகோவில் இருந்த தந்தையைக் காணத் தொடர்வண்டியில் செல்லும்போது மிசிசிப்பி ஆற்றைக் கடந்தார். அந்த ஆறு அவர் மூதாதையர் அடிமைகளாய் விற்கப்பட்டுக் கொண்டுபோகப்பட்ட வழி. வண்டியிலேயே ஒரு சிறு கவிதை எழுதினார். யூப்ரத்தீசு, காங்கோ, நைல், மிசிசிப்பி என்று நான்கு ஆறுகள் அதில் வருகின்றன. ஒரு பதின்பருவத்து இளைஞன் தன் மக்களின் நினைவை விவிலியத்தின் முதல் நூலில் வரும் ஆறுவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். 1921-இல் அது அச்சேறியது. தரையில் ஓடும் கோடுகள் அந்த ஆறுகளே.

ஹியூசோடு இன்னொருவருக்கும் அந்தத் தரை அஞ்சலி செய்கிறது. நூலகத்துக்குப் பெயர் தந்த அர்த்துரோ ஷோம்பர்க், 1874-இல் போர்த்தோ ரிக்கோவில் பிறந்தவர். சிறுவனாய் இருந்தபோது ஆசிரியர் ஒருவர், கறுப்பர்களுக்கு வரலாறும் கிடையாது, வீரர்களும் கிடையாது என்று சொன்னாராம். அந்தப் பையன் வளர்ந்து, நியூயார்க்கில் ஒரு வங்கியில் எழுத்தராய் வேலை பார்த்துக்கொண்டே, அந்த ஒரு வாக்கியத்துக்கு மறுமொழியாக நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் ஓவியங்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1926-இல் நியூயார்க் பொது நூலகம் பத்தாயிரம் டாலருக்கு அத்தொகுப்பைப் பெற்றுக்கொண்டபோது, அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன. ஆசிரியராய்ப் பணியாற்றும் நம் வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டிய செய்தி இது. மறையுரை ஆற்றுகிற நாங்களுந்தான்.

1920-களில் இத்தகையோர் பலர் ஒரே காலத்தில் ஒரே பகுதியில் எழுந்ததைத்தான் 'ஹார்லெம் மறுமலர்ச்சி' என்கிறார்கள். தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளையும், மரத்தில் தூக்கிலிட்டுக் கொல்லும் வெறிக் கும்பல்களையும் விட்டு வட நகரங்களுக்குப் பெயர்ந்து வந்த மக்களின் பிள்ளைகள் அவர்கள். 1925-இல் அலெய்ன் லாக் தொகுத்த 'புதிய நீக்ரோ' என்னும் நூல் அவர்களுக்கு ஒரு முகவரியைத் தந்தது. அவர்களில் ஒருவரான கவிஞர் கிளாட் மெக்கே, நெடுங்காலம் பொதுவுடைமை இயக்கத்தோடு நெருங்கி நின்று, பின்னர் 1944-இல் சிகாகோவில் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார் என்பதை நம்மவர் பலர் அறியார்.

அவர்களுள் எனக்கு மிக நெருக்கமானவர் ஏரன் டக்ளஸ் என்னும் ஓவியர். ஹார்லெம் நூலகச் சுவருக்காக 1934-இல் நான்கு பெரிய ஓவியங்களைத் தீட்டியவர்; ஆப்பிரிக்காவின் நடனத்தில் தொடங்கி, அடிமை விடுதலை வழியாக, நகரத்து இயந்திரச் சக்கரம் வரை அவை செல்லுகின்றன. அதற்கு முன்னமே, 1927-இல், கறுப்பின மறையுரையாளர்களின் பேச்சு மரபைக் கவிதையாக்கி ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் வெளியிட்ட நூலுக்கும் இவர் படம் வரைந்தார். அதில் சிலுவைச் சாவைக் காட்டும் படம் ஒன்றுண்டு. பார்த்தவுடன் நம் கண் இயேசுவைத் தேடும், கிடைக்க மாட்டார். படத்தின் நடுவே, சட்டத்தையே முட்டுமளவு பெரிய உருவமாக, சிலுவையைத் தூக்கி நடப்பவர் சீமோன். சிரேன் ஊரார், வட ஆப்பிரிக்கர். இயேசு சிறிய உருவாக, ஒளி வட்டத்துக்குள், அருகில் நடக்கிறார்.

மாற்கு நற்செய்தியில் சீமோனைப் பற்றி ஒரே ஒரு வசனம். வயல்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். அவர் அலக்சாந்தர், ரூபு என்பவர்களின் தந்தை. அவ்வளவே. பிள்ளைகளின் பெயரைத் தொடக்கத் திருச்சபை அறிந்திருந்தது என்று விளக்கவுரை நூல்கள் கூறும். கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்ட ஒருவருடைய பெயர் அழியாமல் நின்றது, அவர் பிள்ளைகள் ஆலயத்துக்குள் இருந்ததால்தான். இந்தக் கருத்தை நான் ஒரு மறையுரையிலும் சொன்னதில்லை. அந்த இளைஞர் அனுப்பிய படத்துக்குப் பிறகுதான் எனக்கே பட்டது.

அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன், சிலுவையையும் தூக்குமரத்தையும் ஒப்பிட்டு 2011-இல் ஒரு நூல் எழுதினார். தம் நாட்டில் ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் மரத்தில் தொங்கவிடப்பட்ட காலத்தில், பேர்பெற்ற வெள்ளை இறையியலாளர்கள் சிலுவையைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதியும் அந்த மரத்தைக் காணவில்லை. கண்டவர்கள் கவிஞர்களும் ஓவியர்களும் பாடகர்களுமே என்பது அவர் குற்றச்சாட்டு. இறையியல் பயின்றவன் என்ற முறையில் அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் காலத்துக் குருமடப் பாடத்தில் மீட்பியல் உண்டு, தேர்வும் உண்டு. நான் நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன்.

இந்த இயக்கத்துக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பில்லை என்று யாரும் எண்ணவேண்டாம். ஹார்லெம் கவிஞர்களின் குரல் பாரிசில் பயின்ற கறுப்பின மாணவர்களை எட்டி, 1930-களில் 'நெக்ரித்யூட்' என்னும் இயக்கமாயிற்று. அதை முன்னெடுத்த எய்மே செசேர் மார்த்தினிக் தீவினர். அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்களாக, 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் கப்பலேற்றப்பட்டது அந்தத் தீவுக்குத்தான். இன்னொருவர் செனகல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோர். குருவாக விரும்பிக் குருமடத்தில் பயின்ற கத்தோலிக்கர். அவர் 1974-இல் சென்னைக்கு வந்து, கறுப்பினப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்து உரையாற்றினார். அவர் காட்டிய அந்த ஆர்வத்தின் தொடர்ச்சியாக, க. ப. அறவாணன் போன்ற தமிழ் அறிஞர்கள் செனகல் சென்று ஆய்ந்தனர். அறவாணன் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். புதுச்சேரியில் பிறந்த இந்திரன் 1982-இல் 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' என்ற மொழிபெயர்ப்புத் தொகுப்பை வெளியிட்டார். பின்னர்த் தமிழில் தலித் இலக்கியம் எழுந்தபோது, அதற்கு முன்னரே வந்து நின்ற நூல்களில் அதுவும் ஒன்று. குருமட நாள்களில் கைமாறிக் கைமாறி அட்டை போன ஒரு படியாக அது என்னிடம் வந்தது. படித்தேன்; நெகிழ்ந்தேன். ஆப்பிரிக்காவுக்காக நெகிழ்வது எளிது. அது தொலைவில் இருக்கிறது.

இனி நான் சொல்லவேண்டியது தொலைவில் நடந்ததன்று.

குருப்பட்டம் பெற்று இரண்டாம் ஆண்டு. ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம், தவறு ஊருடையதன்று, என்னுடையது. அவ்வூரில் பெரிய வெள்ளியன்று பாஸ்கு நாடகம் நடக்கும். ஆண்டவரைச் சிலுவையில் அறையும் காட்சிக்குப் பறை கொட்டுவது வழக்கம். குடியிருப்பிலிருந்து நான்கு பேர் வருவர். மூன்றாம் நாள் உயிர்ப்புப் பவனிக்கு நகரத்திலிருந்து பேண்டு வாத்தியம் வரும். நான் அங்கிருந்த ஆண்டு, அந்த நால்வரும் உயிர்ப்புப் பவனிக்கும் வந்துவிட்டார்கள். மூத்தவர்கள் சிலர் முகம் சுளிப்பதைக் கண்டேன். அவர்கள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த தெருவும் அவர்கள் தெருவைப் போன்றதே. நானாகவே போய், பேண்டு வாசிப்பவர்களுக்கு இடைஞ்சலாகும், நீங்கள் வெளிவாயிலுக்கு அப்பால் நில்லுங்கள் என்றேன். நால்வரில் மூத்தவர் பறையைத் தோளிலிருந்து இறக்கினார். கோபமில்லாத குரலில், "ஆண்டவர் சாவுறதுக்கு எங்க மோளம் வேணும், உசுரோட எழுந்தா வேணாமா சாமி?" என்று கேட்டார்.

இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் பிரிக்கக் கூடாது, இரண்டும் ஒரே மறைபொருளின் இரு கூறுகள் என்று நான்காண்டு படித்தவன் நான். அந்தப் பெரியவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பவனிக்கு நேரமாகிறது என்று சொல்லி நகர்ந்தேன். அவர்கள் வெளிவாயிலில் நின்றார்களா, வீட்டுக்குப் போனார்களா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் இதைச் சொல்ல எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. அது பாவம் என்று தெரிய அத்தனை ஆண்டுகள் ஆயின என்பதே உண்மை.

புதுச்சேரித் திருச்சபைக்கு இது புதிய கதையா என்றால், இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபர் மாதத்துச் செய்தி ஒன்று வருகிறது. இங்குள்ள கோவிலுக்குள், பறையர் ஒருபுறமும் சாதிக் கிறித்தவரும் ஐரோப்பியரும் மறுபுறமுமாக அமரும்படி ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. பறையர்கள் குருவிடம் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பு செங்கல் போயிற்று. 1990-களில் அதே சுவரை நான் வாய்ச்சொல்லால் கட்டினேன்.

மறுநாள் மாலை இளைஞருடைய தாத்தாவைப் பார்க்கச் சென்றேன். எண்பதைக் கடந்தவர். தொழிற்சாலை ஒன்றில் காவலாளியாய் இருந்து ஓய்ந்தவர். அதற்கு முன் பறையடித்தவர். கண் மங்கிவிட்டதால் கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நதி, கவிஞர், சாம்பல் எல்லாவற்றையும் விளக்கினேன்.

"செருப்போடவா நடக்குறாங்க?" என்றார்.

"ஆமாம் ஐயா. அந்த நாட்டில் அப்படித்தான். ஆடினார்கள்கூட. திறப்புவிழாவில் வயதில் மூத்த இரண்டு எழுத்தாளர்கள் அதன்மேலேயே ஆடிய புகைப்படம் இருக்கிறது." மாயா ஏஞ்சலோவும் அமிரி பராக்காவும் 1991-இல் அந்த வட்டத்தின்மேல் ஆடியதைச் சொன்னேன். அப்படத்தையும் காட்டினேன்.

நீண்ட நேரம் பார்த்தார். "மோளம் யாரு அடிக்கிறது?" என்று கேட்டார். படத்தில் அது தெரியவில்லை.

பிறகு தாமாகவே பேசினார். அவருடைய தந்தை இந்தச் சுற்றுவட்டார ஊர்கள் அத்தனையிலும் சாவுக்குப் பறையடித்தவர். எவர் எவருடைய குழிக்கோ முன்னால் நடந்தவருக்கு, ஓடைக்கரையில்தான் இடம் கிடைத்தது. மரச்சிலுவை ஒரு மழைக்குத் தாங்கவில்லை. மண்மேடு இரண்டு மழைக்கு. "எங்கப்பன் குழி எதுன்னு எனக்கே தெரியாது சாமி. நானும் அந்தப் பக்கம் எத்தனையோ வாட்டி மாடு ஓட்டிக்கிட்டுப் போயிருக்கேன். மிதிச்சிருப்பேன்."

அவரிடம் என் பழைய கதையைச் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மன்னிப்பு எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் சிரித்தார். "அது நானா இருந்திருந்தாலும் வெளியதான் நின்னிருப்பேன். நின்னு பழக்கம்."

பேரன் எழுதிய திட்டம் இரண்டு நாளில் வந்தது. கிரானைட்டுக்கு நடுவே, வாசற்படி தாண்டி ஆலயத்துக்குள் நுழையும் இடத்தில், பறையின் அளவிலல்ல, நான்கடி அகலத்தில் ஒரு வட்டம். பித்தளைக் கோட்டில் இந்தப் பக்கத்து நீர்கள்: சங்கராபரணி, பெண்ணையாறு, ஊசுட்டேரி. சுற்றிலும் இப்பங்கில் பறையடித்து மறைந்தவர்களின் பெயர்கள். உபயம் என்று தம் பெயர் எங்கும் வேண்டாம்.

எனக்குள் இருக்கும் சட்ட நிபுணர் உடனே விழித்துக்கொண்டார். இறந்தோரின் சாம்பலைப் புனித இடத்தில் வைக்கவேண்டும் என்று 2016-இல் உரோமை வெளியிட்ட அறிவுரையெல்லாம் நினைவுக்கு வந்தது. இங்கே சாம்பலே கிடையாது என்பது அதற்குப் பின்னரே உறைத்தது. கல்லறைமேல் நடப்பதும் நமக்குப் புதிதன்று. தொடக்கத் திருச்சபை மறைசாட்சிகளின் கல்லறைமீதே திருப்பலி ஒப்புக்கொடுத்தது. நம் பழைய ஆலயங்களின் தரையில் ஆயர்களும் குருக்களும் துரைமார்களும் கல்வெட்டோடு துயில்கிறார்கள். நாம் நடந்துதான் போகிறோம். உள்ளே இடம் பெற்றவர் யார், ஓடைக்கரைக்குப் போனவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

பங்குப் பேரவைக் கூட்டத்தில் திட்டத்தை வைத்தேன். எதிர்ப்பு வரும் என்று தெரியும். எங்கிருந்து வரும் என்பதில் தவறிவிட்டேன். ஒருவர், "நல்ல காரியத்துக்கு உள்ளே வர்ற வழியில போய்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, வாக்கியத்தை முடிக்காமல் அமர்ந்தார். அதை எதிர்பார்த்திருந்தேன். பெயர்களை மிதிக்கலாமா என்று ஓர் அம்மையார் கேட்டார், நியாயமான கேள்வி. ஆனால் எழுந்து நின்று மறுத்தவர், அந்தத் தாத்தாவின் தெருவிலேயே பிறந்து, அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். அவர் குரல் நடுங்கியது.

"சாமி, எங்கப்பா மோளத்தைக் கெணத்துல போட்டுட்டுத்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாரு. ஊரே வந்து மெரட்டுச்சு. மூணு மாசம் யாரும் வேலை குடுக்கல. அந்த மோளத்தைத் திரும்ப எடுத்துக் கோயில் வாசல்ல பதிக்கணும்ன்றீங்களா?"

யாரும் பேசவில்லை. கடைசியில் செவிலியர் பயிற்சி பெறும் ஒரு பெண், இளைஞர் பிரதிநிதி, எழுந்தாள். "பெரியப்பா, மோளம் மேல நமக்கென்ன கோவம்? அடிக்கச் சொன்ன விதத்து மேலதானே கோவம்? இப்ப நாங்க காலேஜ்ல அடிக்கிறோம். எங்களை யாரும் கூப்பிடல, நாங்களா அடிக்கிறோம்." அவர் பதில் சொல்லாமல் தலையை அசைத்தார், அது ஆமாமா இல்லையா என்று தெரியவில்லை.

சென்னையில் 2018 சனவரியில் இளைஞர்கள் சாதியற்ற கூட்டிசையென்று ஒரு குழுவாய் மேடையேறி, கானாவையும் பறையையும் அமெரிக்கக் கறுப்பர்களின் ராப் இசையையும் கலந்து பாடினார்கள். அந்தப் பெண் வளர்ந்தது அந்தக் காற்றில். பெரியவர் வளர்ந்தது கிணற்றில் பறை விழுந்த ஓசையில். இருவருடைய சினமும் ஒன்றே. அது எதிரெதிர்த் திசையில் நடக்கிறது.

ஹார்லெமிலும் இப்படியே நடந்தது என்பதைப் படித்தபோது எனக்கு ஓரளவு ஆறுதல். 1926-இல் 'நேஷன்' வார இதழில், தனியே நீக்ரோ கலை என்பதே வெறும் பேச்சு என்று ஜார்ஜ் ஷைலர் என்னும் கறுப்பின எழுத்தாளர் எழுதினார். அடுத்த வாரமே, தம் மக்களின் தாளத்தைக் கண்டு நாணுகிற கலைஞன் மலையொன்றின் அடிவாரத்தில் நின்றுவிட்டவன் என்ற கருத்தில் ஹியூஸ் மறுமொழி எழுதினார். மறு ஆண்டு அவருடைய இரண்டாம் கவிதை நூல் வந்தபோது, மதுக்கடையையும் கூலிக்காரரையும் பாடி நம் மானத்தை வாங்கிவிட்டார் என்று கறுப்பினப் பத்திரிகைகளே சீறின. உயர்ந்து வந்தவர்களின் சினம் அது. தவறென்று அதை ஒதுக்க என்னால் இயலாது. அவமானத்தின் சின்னத்தைக் கையில் எடுப்பதா, கிணற்றில் போடுவதா என்பதை, அந்த அவமானத்தைச் சுமக்காத நான் தீர்ப்பிடக் கூடாது. சிலுவையும் அடிமைகளைக் கொல்லும் கருவியே. அதைக் கலையில் வெளிப்படையாய் வரையத் திருச்சபைக்குச் சில நூற்றாண்டுகள் ஆயின. கூட்டத்தில் இதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. என் வாயிலிருந்து அது வந்திருந்தால் வாதத்தை முடிக்கும் தந்திரமாகிவிடும்.

முடிவு ஒத்திவைக்கப்பட்டது. தாத்தாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கிணற்றில் போட்ட கதையைக் கேட்டதும், "அவங்கப்பா தைரியசாலி. எனக்கு அந்தத் தைரியம் வரல, வயித்துக்கு வேணுமே" என்றார். பிறகு சற்று யோசித்து, "பேரெல்லாம் வேணாம் சாமி. எங்கப்பன் பேரு எங்க இருந்தா என்ன. வட்டம் மட்டும் போடச் சொல்லுங்க. உள்ள வந்து நிக்கிற எடம் இதுன்னு இருக்கட்டும். அடிக்கிறவன் அடிக்கட்டும், வேணாங்கிறவன் சும்மா நிக்கட்டும்" என்றார்.

இதையே பேரவையில் மறுபடியும் வைத்தேன். ஓய்வு பெற்ற பெரியவர், "அவர் சொன்னாரா?" என்று இருமுறை கேட்டார். பாஸ்கா முடியட்டும், பார்க்கலாம் என்றார். பேரனுக்கோ வருத்தம்; பெயர்கள் இல்லாமல் அது என்ன நினைவுச் சின்னம் என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஷோம்பர்க் அதைத்தானே வாழ்நாளெல்லாம் செய்தார்.

கொத்தனார் காத்திருக்கவில்லை. அவருக்கு அடுத்த வேலை தொழிற்பேட்டையில் இருந்தது. வட்டத்தைச் சுண்ணாம்பால் வரைந்து, அதை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் கல் பதித்துப் போய்விட்டார். முகமண்டபத்தின் நடுவில் நான்கடி அகலத்துக்கு வெறும் சிமெண்டு, சுற்றிலும் பளபளக்கும் கருங்கல். குருத்து ஞாயிறன்று மக்கள் அதைச் சுற்றி விலகியே உள்ளே வந்தார்கள். ஈரம் காயவில்லை என்று நினைத்தார்களோ, வேறென்னவோ. மறைக்கல்வி முடிந்து வந்த பிள்ளைகள் மட்டும் அதற்குள் குதித்து நின்றுகொண்டு, யார் கடைசிவரை வெளியே போகாமல் நிற்பது என்று ஒருவரையொருவர் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.